பதினேழு பி

நடு சீட்டுக்கு நடு சீட்டு கேட்டிருந்தால்
யோசித்திருக்கலாம்.
அவர் நீட்டியதோ பன்னிரண்டு சி,
அவசர வழியை ஒட்டிய ஓர சீட்டு.
என் கால்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.
முழங்கால் இரண்டும் முன்சீட்டின் முதுகில் முட்ட
மடக்குக்கத்தி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, அது என் மனைவி" என்றார்
ஜன்னலோரம் இருந்தவளைக் காட்டி,
பெல்ட்டில் சுற்றிவரும் பெட்டிகளில்
தன்னுடையதைக் காட்டுகிறவர் போல.
"சேர்த்துத்தான் எடுத்தோம், கம்ப்யூட்டர் பிரித்துவிட்டது."

அல்மாத்தியிலிருந்து அதிராவ் மூன்று மணி நேரம்.
அங்கிருந்து எண்ணெய் வயலுக்குப் பேருந்து.
பிறகு இருபத்தெட்டு நாள்
வெல்டிங் முகமூடிக்குள் என் முகம்.
கால் நீட்ட வாய்த்த கடைசி மூன்று மணி நேரம்.
பெல்ட்டைக் கழற்றியேவிட்டேன்.

அப்போதுதான் அந்த விரல்கள்.
கைப்பிடிக்குக் கீழே,
அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில்,
என் மேற்சட்டையின் விளிம்பைப் பிடித்திருந்தன.
இரண்டே விரல்.
இழுக்கவில்லை.
கொடியில் காயும் துணி பறந்துவிடாமல் கிளிப் போடுவோமே,
அந்த அளவுதான்.
முகமோ ஜன்னல் பக்கம்.
வெளியே பார்க்க என்ன இருந்தது?
பக்கத்து விமானத்தின் இறக்கையில் உறைந்த பனியை
மருந்தடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு இதுதான் வசதி" என்றேன்.

சொன்ன எனக்கே சிரிப்பு வந்தது.
அவர் சிரிக்கவில்லை.
என் முட்டியைப் பார்த்தார்.
தன் போர்டிங் பாஸைப் பார்த்தார்.
ஏதோ கணக்கு உதைக்கிறது என்று மறுபடி கேட்டார்.
அவர் விடாக்கண்டன், நான் கொடாக்கண்டன்,
நடுவில் பெட்டி தூக்கிக்கொண்டு வரிசை நின்றது.
"கல்யாணமாகாதவனாக இருப்பான்" என்றது பின்னால் ஒரு குரல்.
கூடை நிறைய ஆப்பிளோடு வந்த பெண்மணி
ஒன்றைத் துடைத்து என் மடியில் வைத்தாள்.
"எழுந்திருப்பா, நல்லா இருப்பே."
பணிப்பெண் குனிந்து
"ஐயா, உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றாள்.

நடு சீட்டில் உட்காருவதாக
நேர்ந்துகொண்டவன் போல அசையாமலிருந்தேன்.
ஆப்பிளை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவர் போனார்.
விரல்களும் போயின.
நன்றி என்று ஒரு வார்த்தை,
ஒரு பார்வை?
ம்ஹூம்.
சக்கரம் தரையைவிட்டு எழும்புமுன் தூங்கிவிட்டாள்.
வாய் திறந்து, மெல்லிய குறட்டையோடு,
பல நாள் பாக்கியைத் தீர்க்கிற தூக்கம்.

இரண்டு முறை வந்தார் அவர்.
ஒருமுறை தண்ணீர் பாட்டிலோடு.
ஒருமுறை தன் கோட்டை என் தலைக்கு மேலாக நீட்டி
அவள் மேல் போர்த்திவிட.
என்னைப் பார்க்கவேயில்லை.
கோட்டு சரிந்தபோது நான்தான் இழுத்துவிட்டேன்,
திருடன் கையில் சாவி கொடுத்தது போல.

கடல் இருந்த இடம் கீழே போனது.
உப்பின் வெள்ளை எது, பனியின் வெள்ளை எது என்று
அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி
யோசித்துக்கொண்டே வந்தேன்.
அடிக்கிறவரா?
இல்லை, ஓயாமல் பேசுகிறவரா?
இல்லை, பறப்பதற்குப் பயந்தவள்
பக்கத்தில் யார் சட்டை இருந்தாலும் பிடித்திருப்பாளோ?
அப்படியானால்
ஒரு ஜோடியைப் பிரித்த பாவத்துக்கு
என் கால் மரத்துப்போனது சரிதான்.

அதிராவில் கதவு திறந்ததும்
முதல் ஆளாக எதிர்நீச்சலடித்து வந்துவிட்டார்.
"பாகிலா" என்றார்.
அவள் எழுந்து, கோட்டை அவரிடம் கொடுத்து,
அவர் ரோமத் தொப்பியில் தொங்கிய காதுமடலை
உள்ளே மடித்துவிட்டாள்,
எந்த அவசரமுமில்லாமல்.
அது அன்பா, பழக்கமா,
வெளியே மைனஸ் இருபது என்பதாலா,
தெரியவில்லை.

வழிவிட எழுந்தேன்.
கால் இருந்தால்தானே?
பொத்தென்று சீட்டிலேயே விழுந்தேன்.
முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவர் அவர்தான்.
இரும்புப் பிடி.

"நல்ல சீட்டு தம்பி அது," என்றார்,
"காலை நீட்டிக்கொண்டே வந்தேன்."